மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் படிப்பாகிவிடுமா?

"பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை" என்று என்னிடம் ஆலோசனைக்கு வருவது இந்த மாதத்தில் இது ஐந்தாவது. காசிமேட்டிலிருந்து ஏழாம் வகுப்புப் பையனை இழுத்துக்கொண்டு வந்த அம்மா, நாற்காலியில் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டார். "சரியான சோம்பேறி மேடம். டியூஷன் முடிச்சு வந்ததும் ஏழு மணிக்கு உக்கார வெச்சா, பத்து வரைக்கும் எழுந்திருக்க விடமாட்டேன். ஒண்ணும் ஏறல."

மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி மூன்றாவது வரியில் நின்றுவிட்டான். இவன் ஏழாம் வகுப்பு அறிவியலோடு தினமும் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். இவனா சோம்பேறி?

பெற்றோரே, உட்காருவது வேறு, படிப்பது வேறு. புத்தகம் திறந்திருக்கிறது, உதடு அசைகிறது என்பதெல்லாம் கணக்கில் வராது. மூடிவைத்துவிட்டு என்ன சொல்கிறான் என்பதுதான் கணக்கு. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து பார்த்து 1885-லேயே எழுதிவைத்தார்: ஒரே நாளில் ஒரே மூச்சில் 68 தடவை உருப்போட்டுக் கிடைத்த பலன், மூன்று நாளாகப் பிரித்து 38 தடவை படித்தபோதே கிடைத்துவிட்டது. நாம் இன்னும் பத்து மணி வரை காவல் காக்கிறோம்.

இருபது நிமிடம் போதும். ஒரே இடம், ஒரே நேரம். விளையாடிவிட்டு வரட்டும். ஒரே அறை வீடு என்றால் அந்த இருபது நிமிடம் டிவியை அணையுங்கள், சீரியல் ஓடிப்போகாது. பிறகு புத்தகத்தை மூடி உங்களிடம் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் பள்ளிக்கூடம் போகாதவரா? இன்னும் நல்லது, உங்களுக்குப் புரிய வைக்கட்டும். அதே பாடத்தை இரண்டு நாள் கழித்து மறுபடி கேளுங்கள்.

எங்களிடம் வருமுன் கண்ணைப் பரிசோதித்துவிடுங்கள். கரும்பலகை தெரியாத குற்றத்துக்கே அடி வாங்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு வயதுவரை குறைந்தது 9 மணி நேரத் தூக்கம் வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தும் வாசிப்பு வரவில்லையென்றால் கற்றல் குறைபாடு, அதாவது புத்தி இருந்தும் வாசிக்க, எழுத, கணக்குப் போடத் தடுமாறும் நிலை, இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அதுவும் இருக்கிறது. பொதுத்தேர்வில் சலுகையும் உண்டு. அதற்கான சான்றிதழ் வாங்கக் கூச்சப்படாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காட்டிப் பேசுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ டியூஷன மாத்திடட்டுமா மேடம்?" என்றார் அந்த அம்மா.

"டியூஷனுக்கு ஒரு வாரம் லீவு போடுங்க. தினமும் இவனை அரைப் பக்கம் வாசிக்கச் சொல்லிப் பக்கத்துல உக்காருங்க. மூணாம் வகுப்பு புத்தகத்துல" என்றேன்.