காலநிலையால் ஊரை இழப்பவர்களின் பண்பாட்டு உரிமை: சட்டம் எங்கே இருக்கிறது?

கடல் ஏறியோ மழை பொய்த்தோ ஊரையே காலி செய்ய நேர்ந்தவர்களுக்கு வீடும் நிவாரணத் தொகையும் தந்துவிட்டால் அரசின் கடமை முடிந்துவிடாது. மூதாதையர் கல்லறை, வழிபாட்டிடம், தாய்மொழி, கூடிச் செய்யும் சடங்கு ஆகியவற்றின் மீதும் அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் இதற்கென்று தனி உலக ஒப்பந்தம் கிடையாது. 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் காலநிலை பற்றிப் பேச்சே இல்லை. பல ஆவணங்களில் சிதறிக் கிடப்பதைத்தான் தேடி எடுக்க வேண்டும்.

அவற்றில் வலுவானது, குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 27-ஆம் பிரிவு. சிறுபான்மையினர் தம் பண்பாட்டோடு வாழ்வதை அரசு மறுக்கக் கூடாது என்கிறது அது. ஆஸ்திரேலியாவின் வடக்கே உள்ள டோரஸ் நீரிணைத் தீவுகளின் பூர்வகுடிகள் எட்டுப் பேர், அந்நாட்டின் மீது 2019-இல், இந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டார்கள். கடல் புகுந்து கல்லறைகள் சிதைந்தன, எலும்புகள் சிதறின. அவர்களுடைய முக்கியமான சடங்குகளோ அந்த மண்ணில் செய்தால்தான் பொருள்படும். தீவுகளைக் காக்க அரசு உரிய காலத்தில் போதிய ஏற்பாடு செய்யவில்லை, 27-ஆம் பிரிவு மீறப்பட்டது என்று குழு 2022-இல் முடிவு செய்தது. இழப்பீடு தரவும், மக்களோடு கலந்து பேசவும் சொன்னது. அவர்கள் அப்போதும் தீவுகளில்தான் இருந்தார்கள். ஊர் பறிபோகும்வரை காத்திராமல் முன்பே உரிமை கேட்கலாம் என்பதே இதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இப்படி முறையிட, எந்த நாட்டின் மீது முறையிடுகிறோமோ அந்த நாடு உடன்படிக்கையின் விருப்ப நெறிமுறையை, அதாவது தனிமனிதர்களின் முறையீட்டைக் குழு விசாரிக்க இடம் தரும் துணை ஒப்பந்தத்தை, ஏற்றிருக்க வேண்டும். உள்நாட்டில் உள்ள சட்ட வழிகளையும் முதலில் முயன்றிருக்க வேண்டும். குழுவின் முடிவை நீதிமன்றத் தீர்ப்பைப் போல அமலாக்க முடியாது என்பது பெரிய குறை.

இடம்பெயர்ந்தே ஆக வேண்டிய நிலை வந்தால், 2007-இன் ஐ.நா. பூர்வகுடிகள் உரிமைப் பிரகடனம் உதவும். முழு விவரம் தெரிந்து, முன்கூட்டியே, கட்டாயமின்றி அவர்கள் சம்மதிக்காமல் இடம் மாற்றக் கூடாது என்கிறது அதன் 10-ஆம் பிரிவு. நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்வோருக்கான 1998-இன் ஐ.நா. வழிகாட்டு நெறிகள், நிலத்தை நம்பி வாழும் உழவர்களையும் மேய்ச்சல்காரர்களையும் சேர்த்தே பேசுகின்றன. பிள்ளைகளின் கல்வி அவர்களுடைய மொழியையும் சமயத்தையும் மதிக்க வேண்டும் என்கின்றன. இவ்விரண்டும் அரசுகளைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தங்கள் அல்ல. ஆனால் நாட்டுக்குள் இடம்பெயர்வோரைக் காக்க ஆப்பிரிக்க நாடுகள் செய்துகொண்ட 2009 கம்பாலா ஒப்பந்தம், தன்னை ஏற்ற அரசுகளைக் கட்டுப்படுத்தும்.

ஆகவே சம்மதக் கையெழுத்துப் போடும் முன்பே சிலவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: ஊரார் பிரியாமல் ஒரே இடத்தில் குடியேறுவது, பழைய இடத்துக்குப் போய்வரும் உரிமை, கல்லறைகளை யார் செலவில் எப்படி மாற்றுவது, பள்ளியில் எந்த மொழி என்பது.