புளிக்கறிக்கு எந்தச் சட்டி?

போசணை ஆலோசனைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் எண்ணெயைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். தேங்காயெண்ணெய் பாவிக்கலாமா, சூரியகாந்தி நல்லதா, தேங்காய்ப்பாலை அடியோடு விட வேண்டுமா என்று கேள்விகள் நீளும். "மீன்குழம்பு எந்தச் சட்டியில வைக்கிறனீங்கள்?" என்று நான் கேட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வழமையான அலுமினியச் சட்டிதான்" என்பார்கள். ராத்திரி மிஞ்சினால்? "அப்பிடியே மூடி வைப்பம். அடுத்த நாள் சூடாக்கினா இன்னும் ருசி." வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இந்தப் பதிலைத்தான் அதிகம் கேட்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அலுமினியத்தின் மேல் இயல்பாகவே ஒரு மெல்லிய ஒட்சைட்டுப் படலம் இருக்கும். உலோகத்தைக் காப்பது அதுதான். பழப்புளி, கொறக்காப்புளி, தக்காளி போன்றவற்றின் அமிலம் அந்தப் படலத்தைக் கரைக்கும். உப்பும் சூடும் அதற்குத் துணைபோகும். எல்லாவற்றையும் விட முக்கியமானது நேரம். அரை மணித்தியாலம் கொதிப்பதற்கும் ராத்திரி முழுக்கச் சட்டியிலேயே கிடப்பதற்கும் நிறைய வித்தியாசம். தண்ணீர் கொதிக்க வைத்து உட்பக்கம் கறுத்துப்போன சட்டியில் ஒருநாள் புளிக்கறி வைத்துப் பாருங்கள், பளிச்சென்று வெளுத்திருக்கும். அந்தக் கறுப்புப் படலம் கறிக்குள் போய்விட்டது என்று அர்த்தம். கறுப்பு தீங்கற்றது. அதைக் கம்பித்தும்பு போட்டுத் தேய்த்துப் போக்கினால் காப்புப் படலத்தையும் சேர்த்தே எடுத்துவிடுகிறோம்.

உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 2011ஆம் ஆண்டில் ஓர் எல்லையை வகுத்தது: எல்லா வழிகளாலும் சேர்த்து, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு வாரத்துக்கு 2 மில்லிகிராம் அலுமினியம். 60 கிலோ எடையுள்ளவருக்கு வாரத்துக்கு 120 மில்லிகிராம். சுகதேகிக்கு உள்ளே போகும் அலுமினியத்தில் மிகச் சிறு பங்குதான் குடலில் உறிஞ்சப்படும், அதையும் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். அலுமினியச் சட்டியால் மறதி நோய் வரும் என்ற பேச்சுக்கு உறுதியான சான்று கிடையாது. அதற்காக யாரும் பயந்து நித்திரை கெட வேண்டாம்.

ஆனால் சிறுநீரகம் பழுதுபட்டவரின் நிலை வேறு. அவர் உடலில் அலுமினியம் தங்கும், எலும்பிலும் மூளையிலும் சேரும். 1970களில் இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொண்டிருந்த நோயாளிகள் பேச்சுக் குழறி, நினைவிழந்து போனார்கள். அந்தச் சிகிச்சைக்குப் பாவித்த நீரில் இருந்த அலுமினியமே காரணம் என்று பிறகு தெரியவந்தது. நீண்டகால நீரிழிவால் சிறுநீரகம் பலவீனமானவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். அந்த வீடுகளில் உப்பைக் குறைக்கச் சொல்வதோடு சட்டியைப் பற்றியும் கட்டாயம் பேசுவேன்.

விலை குறைந்த வார்ப்பு அலுமினியப் பாத்திரங்களில் இன்னொரு ஆபத்து உண்டு. பழைய உலோகச் சாமான், இயந்திரத் துண்டு எல்லாவற்றையும் உருக்கி வார்க்கும்போது ஈயமும் சேர்ந்துவிடும். 2025இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், இறக்குமதியான சில அலுமினிய, பித்தளை, ஹிண்டாலியம் என்ற அலுமினியக் கலப்புலோகப் பாத்திரங்களிலிருந்து ஈயம் உணவில் கலப்பதாக எச்சரித்தது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவென்று எதுவும் இல்லை. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது நேரடியாகத் தாக்கும். எங்கே செய்தது என்று தெரியாத, முத்திரை எதுவும் இல்லாத பாத்திரம் மலிவாகக் கிடைக்கிறது என்று புறக்கோட்டையில் வாங்கி வராதீர்கள்.

புளி சேரும் கறிக்கு என் முதல் தெரிவு மண்சட்டி. உட்பக்கம் மெருகு பூசாத, மங்கலான சட்டியாகப் பாருங்கள். மினுங்குகிற மெருகில் ஈயம் இருக்கலாம், புளி அதைக் கரைக்கும். புதுச் சட்டியை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி மெதுவாகக் கொதிக்க வைத்துப் பழக்குங்கள். பிளாட்டில் காஸ் அடுப்புத்தானே, வெடிக்காதா என்று கேட்கிறார்கள். சிறு தீயில் தொடங்கி மெல்லக் கூட்டினால் வெடிக்காது. மண்சட்டி சூட்டை விடாது. கறி வற்றுவதற்குச் சற்று முன்பே அடுப்பை நிறுத்தலாம், மிச்சம் தானாக வேகும். முதற்பாலையும் அந்தச் சூட்டிலேயே விடலாம், கொதித்துத் திரையாது. எண்ணெயும் குறைவாகத்தான் தேவைப்படும்.

மண்சட்டி கையாள முடியாதவர்களுக்கு அடி தடித்த எவர்சில்வர் போதும். தோசைமா, தயிர், ஊறுகாய் எல்லாம் எவர்சில்வரிலோ கண்ணாடியிலோதான் இருக்க வேண்டும். அலுமினியத்தை எறியச் சொல்லவில்லை. நம்பகமான சட்டி என்றால் தண்ணீர் கொதிக்க வைக்க, சோறு வடிக்க வைத்துக்கொள்ளலாம்.

இரும்புத் தாச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் சமைத்தால் உணவில் இரும்புச்சத்து கூடும், புளி இருந்தால் இன்னும் கூடும். இரத்தச்சோகை உள்ள பெண்களுக்கு இதை விரும்பிச் சொல்வேன், சாப்பிட்ட உடனே பிளேன்டீ குடிக்காதீர்கள் என்பதையும் சேர்த்து. ஏனென்றால் தேயிலை இரும்பை உறிஞ்ச விடாது. ஆனால் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் உள்ளவர்களின் உடலில் இரும்பு ஏற்கெனவே மிஞ்சிக் கிடக்கும். நம் நாட்டில் அதற்கென்றே குருநாகலில் ஒரு தேசிய நிலையம் இயங்கும் அளவுக்கு நோயாளிகள் இருக்கிறார்கள். அவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இரும்புச் சட்டியைத் தொடக்கூடாது.

நொன்ஸ்டிக் சட்டியில் தாளிக்காதீர்கள். அதன் பூச்சு ஏறத்தாழ 260 பாகை செல்சியசுக்கு மேல் சிதையத் தொடங்கும். வெறும் சட்டியைப் பெரிய தீயில் வைத்தால் சில நிமிடங்களில் அந்தச் சூடு வந்துவிடும். அந்தப் புகை மனிதருக்குக் காய்ச்சல் போன்ற நோவைத் தரும், கூண்டுக் கிளியைக் கொன்றே விடும். முட்டை, தோசை என்று நடுத்தரத் தீயில் மட்டும் பாவியுங்கள். 2023இல் புற்றுநோய்க் காரணி என்று உறுதியாக வகைப்படுத்தப்பட்ட பி.எஃப்.ஓ.ஏ. என்ற இரசாயனம் முன்பு இந்தப் பூச்சைத் தயாரிக்கப் பயன்பட்டது. ஆகவே பத்துப் பதினைந்து வருடப் பழைய சட்டி வீட்டில் இருந்தால் அதை விட்டுவிடுவது நல்லது. ரைஸ் குக்கரின் உட்பாத்திரத்திலேயே அரிசியைத் தேய்த்துக் கழுவும் பழக்கமும் வேண்டாம். பூச்சு கீறுப்படுவது அங்கேதான்.

கீரை வறைக்கு நல்ல சட்டி மட்டும் போதாது. அரிந்த பிறகு கழுவாதீர்கள், மூடி சில நிமிடம் மட்டும் வதக்குங்கள், தேங்காய்ப்பூவை இறக்கும்போது போடுங்கள். உப்பும் கடைசியில்தான். 1995 முதல் இலங்கையில் உப்புக்கு அயடீன் சேர்ப்பது சட்டம், நெடுநேரம் கொதித்தால் அது குறையும்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்ற முடியாது, விலைவாசி எனக்கும் தெரியும். வீட்டில் சிறுநீரக நோயாளியோ சின்னப்பிள்ளையோ இருந்தால் புளிக்கறிச் சட்டியை மட்டும் இந்தக் கிழமையே மாற்றுங்கள். அதுவும் முடியாவிட்டால், வைத்த கறியை ஆறியதும் வேறு பாத்திரத்துக்கு மாற்றி பிரிட்ஜில் வையுங்கள்.