கரன்ட் போனாலும் கேமரா ஓட வேண்டுமென்றால்

பழைய லேண்ட்லைன் தொலைபேசி, ஊரே இருட்டில் கிடந்தாலும் வேலை செய்தது. எக்ஸ்சேஞ்சில் வரிசையாக அடுக்கி வைத்திருந்த பேட்டரிகளிலிருந்து மைனஸ் 48 வோல்ட் மின்சாரம், பேச்சு வரும் அதே செப்புக் கம்பியில் வீடு வரை வந்துகொண்டிருந்தது. ஃபைபரில் அந்த வசதி கிடையாது. கண்ணாடி இழை வழியே ஒளி வரும், மின்சாரம் வராது. எக்ஸ்சேஞ்ச் பார்த்துக்கொண்டிருந்த பேட்டரி வேலை, ஃபைபர் இணைப்போடு சேர்ந்து நம் தலையில் விழுந்துவிட்டது. வீட்டுக்கு நெட்வொர்க்கும் கேமராவும் போட நினைப்பவர்கள் எந்தக் கேமரா வாங்கலாம் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். மின்சாரம் எங்கிருந்து, எவ்வளவு நேரம் வரும் என்பதிலிருந்து ஆரம்பிப்பதே சரி.

வாசல் கேமராவின் படம் உங்கள் கைபேசிக்கு வர வேண்டுமானால் கேமரா, கேமராக்களின் நெட்வொர்க் கேபிள்களை ஒன்றுசேர்க்கும் சுவிட்ச், படத்தைப் பதிவு செய்யும் ரெக்கார்டர், ரூட்டர், ஃபைபர் வந்து முடிகிற பெட்டி ஆகிய எல்லாமே உயிரோடு இருக்க வேண்டும். ரெக்கார்டருக்கு மட்டும் யூபிஎஸ் போட்டுவிட்டு, மாடியில் இருக்கும் சுவிட்சைச் சாதாரண பிளக்கில் செருகியிருந்தால் அந்த யூபிஎஸ் இருந்தும் பயனில்லை. தெருவில் ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரிக்கிற ஸ்பிளிட்டருக்குப் பெரும்பாலும் மின்சாரமே தேவையில்லை. அதனால் அந்தப் பக்கம் எக்ஸ்சேஞ்சும் இந்தப் பக்கம் உங்கள் பெட்டியும் ஓடிக்கொண்டிருந்தால், இடையில் முழுத் தெருவும் இருண்டிருந்தாலும் இணையம் வரும்.

இத்தனை கருவிகளையும் ஒரே பேட்டரியின் கீழ் கொண்டுவர உதவுவதுதான் பவர் ஓவர் ஈதர்நெட். டேட்டா போகும் அதே நெட்வொர்க் கேபிளில் கேமராவுக்கு வேண்டிய மின்சாரமும் போகிறது. 2003-இல் வந்த முதல் தரநிர்ணயத்தின்படி சுவிட்சின் ஒரு போர்ட், அதாவது கேபிள் செருகும் ஒரு துளை, 15.4 வாட் வரை தரும். கேபிளில் வீணாவது போக, 100 மீட்டர் தள்ளியுள்ள கேமராவுக்கு 12.95 வாட் நிச்சயம். 2009-இல் இது போர்ட்டுக்கு 30 வாட்டாக உயர்ந்தது. வோல்டேஜ் ஏறத்தாழ அந்தப் பழைய 48-தான்.

தெரியாமல் லேப்டாப்பைச் செருகினால் எரிந்துவிடாதா? எரியாது. சுவிட்ச் முதலில் 10 வோல்ட்டுக்குள் மிகச் சிறிய அழுத்தத்தைக் கொடுத்து, மறுமுனையில் சுமார் 25 கிலோ ஓம் மின்தடை இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால்தான் முழு வோல்டேஜையும் திறந்துவிடும். லேப்டாப்பில் அந்த மின்தடை இருக்காது, எனவே டேட்டா மட்டும் போகும். விலை குறைவு என்பதற்காக, அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிளை மட்டும் இதற்கு வாங்காதீர்கள். அதன் மின்தடை அதிகம். வோல்டேஜ் வழியிலேயே குறையும், கேபிளும் சூடாகும். சுத்தச் செம்புதான் வேண்டும். சுவிட்சின் மொத்த வாட் அளவையும் பாருங்கள். எட்டு போர்ட் இருப்பதால் எட்டிலும் ஒரே நேரத்தில் 15.4 வாட் கிடைக்கும் என்று அர்த்தமில்லை.

இனி கணக்கு. ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் சேர்ந்து 15 வாட், ஹார்ட் டிஸ்க்குடன் ரெக்கார்டர் 10, நான்கு கேமராக்களும் சுவிட்சும் சேர்ந்து 20 என்று வைத்துக்கொள்வோம். ஆக 45 வாட். யூபிஎஸ் பெட்டியில் எழுதியிருக்கும் 600 விஏ என்பது, ஒரே நேரத்தில் எவ்வளவு சுமை தாங்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. எவ்வளவு நேரம் என்பதற்கு உள்ளே இருக்கும் பேட்டரியைப் பார்க்க வேண்டும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி என்றால் 84 வாட்-மணி. 45-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். ஆனால் அவ்வளவு நேரம் வராது. அந்த 7 ஆம்பியர்-மணி, 20 மணி நேரத்துக்கு மெதுவாக 0.35 ஆம்பியராக எடுத்தால் கிடைப்பது. நம் சுமைக்கு நான்கு ஆம்பியருக்கு மேல் இழுக்கும்போது ஈய-அமில பேட்டரி அதைவிட மிகக் குறைவாகவே கொடுக்கும். இந்தக் குணத்தை ஜெர்மன் விஞ்ஞானி பாய்க்கெர்ட் 1897-லேயே சூத்திரமாக எழுதிவிட்டார். போதாக்குறைக்கு, யூபிஎஸ் பேட்டரியின் டிசியை ஏசியாக்க, அடாப்டர் அதைத் திரும்ப டிசியாக்க, இரண்டு இடத்திலும் இழப்பு. ஒரு மணி நேரம் நின்றால் பெரிது.

இதற்காகச் சின்ன யூபிஎஸ்ஸில் பெரிய பேட்டரியை மாட்டுவது ஆபத்து. அதன் சார்ஜரும் உள் பாகங்களும் அவ்வளவு நேரச் சூட்டைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. நீண்ட நேரம் வேண்டுமென்றால் அதற்கென்றே உள்ள இன்வெர்ட்டரும், 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியும் நல்ல தேர்வு. 1,280 வாட்-மணி இருப்பதால், இழப்பெல்லாம் போனாலும் நம் 45 வாட்டுக்கு 20 மணி நேரத்தை ஒட்டி வரும். ரூட்டரும் ஃபைபர் பெட்டியும் 12 வோல்ட்டில் ஓடுபவை என்றால், அவற்றுக்கு மட்டும் நேரடி டிசி யூபிஎஸ் போடலாம். இரண்டு மாற்ற இழப்பும் மிச்சம். இன்வெர்ட்டர் மாறும் வேகத்தையும் கவனியுங்கள். தாமதமானால் ரூட்டர் ரீஸ்டார்ட் ஆகும், கரன்ட் போன அந்த முதல் சில நிமிடங்கள் கேமராவில் என்ன நடக்கிறதென்றே உங்களுக்குத் தெரியாது.

சேமிப்புக்குச் சுலபமான கணக்கு: 4 மெகாபிட் வேகத்தில் ஒரு கேமரா நாளொன்றுக்கு சுமார் 43 ஜிபி எழுதும். நான்கு கேமராவுக்கு 2 டிபி டிஸ்க் 11 நாள் தாங்கும்.

கேமராவும் ஒரு கணினிதான் என்பதை மறக்கக் கூடாது. 2016-இல் பரவிய மிராய் என்ற தீநிரல், கருவியோடு தொழிற்சாலையிலிருந்தே வரும் 60-க்கும் மேற்பட்ட பெயர்-கடவுச்சொல் ஜோடிகளை மாற்றி மாற்றிப் போட்டே ஏராளமான கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் பிடித்தது. அந்த அக்டோபரில் தளங்களின் பெயரை இணைய முகவரியாக மாற்றித் தரும் டைன் நிறுவனத்தின் மீது அவற்றை ஏவி, ட்விட்டர் உள்ளிட்ட பெரிய தளங்களையே பலருக்குக் கிடைக்காமல் செய்தார்கள். கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். கேமராக்களைத் தனி விலேனில், அதாவது ஒரே நெட்வொர்க்குக்குள் பிரித்துவைத்த தனிப் பகுதியில் போட்டு, அவை ரெக்கார்டரோடு மட்டும் பேசும்படி ரூட்டரில் விதி எழுதுங்கள். வெளியூரிலிருந்து பார்க்க, ரூட்டரில் வெளியுலகுக்கு நேரடி வாசல் திறந்துவிடும் போர்ட் ஃபார்வர்டிங் வேண்டாம், வீட்டு நெட்வொர்க்குக்குள் பூட்டிய தனிவழியாக நுழையவிடும் விபிஎன் போதும்.

எல்லாம் மாட்டி முடித்ததும் ஒரு ராத்திரி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு நேரம் பாருங்கள். பகலில் சோதித்தால் ஏமாந்துபோவீர்கள். இருட்டில்தான் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியும், அப்போதுதான் அது அதிக வாட் இழுக்கும். எத்தனை நிமிடம் தாங்கியது என்பதை, தேதியோடு பேட்டரியின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். ஈய-அமில பேட்டரி என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதே சோதனையைச் செய்து, நேரம் பாதியாகக் குறைந்ததும் மாற்றிவிடுங்கள்.