சீழ் இருக்கிறது, கிருமி இல்லை: சிறுநீரகக் காசநோயின் நிதானம்

யூரின் டெஸ்ட்டில் சீழ் செல்கள் நிறைய இருக்கின்றன, கல்ச்சரில் (கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) மட்டும் எதுவும் வளரவில்லை. எந்த ரிப்போர்ட் தப்பு என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். இரண்டுமே சரியாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் போட்டுக்கொண்ட பிறகு சாம்பிள் கொடுத்தாலும், கல் இருந்தாலும், கிளமிடியா என்ற பால்வினைத் தொற்று இருந்தாலும் இப்படி வரும். கோட்டை விடக்கூடாத காரணம் காசநோய்.

நுரையீரலில் நுழையும் காசநோய்க் கிருமி ரத்தத்தோடு போய்ச் சிறுநீரகத்தின் புறப்பகுதியில் தங்குகிறது. எதிர்ப்பு செல்கள் அதைச் சுற்றி வளைத்து அடைத்துவைக்கும். பல வருடம் கழித்து, சர்க்கரை நோயாலோ எச்ஐவியாலோ ஸ்டீராய்டாலோ அந்தக் காவல் தளர்ந்தால் கிருமி வெளியேறி, சிறுநீர்ப் பாதையில் இறங்கும். அதற்குள் மார்பு எக்ஸ்ரே தெளிவாகியிருக்கலாம், இருமலும் இருக்காது. அடிக்கடி சிறுநீர் முட்டும், எரியும், சில சமயம் ரத்தம் போகும்.

கல்ச்சர் ஏன் ஏமாற்றுகிறது? கணக்குப் போட்டுப் பார்த்தால் அழகாகப் புரியும். ஒரே ஒரு கிருமி 24 முறை இரட்டித்தால் ஒரு கோடியே 67 லட்சம் ஆகும். கண்ணுக்குத் தெரியும் புள்ளியாகத் திரள ஏறக்குறைய அத்தனை வேண்டும். சாதாரணச் சிறுநீர்த் தொற்றைத் தரும் ஈ.கோலை நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது: 8 மணி நேரத்தில் வேலை முடிந்தது. காசநோய்க் கிருமிக்கு ஒருமுறை இரட்டிக்கவே சுமார் 20 மணி நேரம். 24 முறைக்கு 20 நாள்! லேப்பிலோ சாதாரண கல்ச்சர் தட்டை ஒன்றிரண்டு நாளில் பார்த்து, 'வளர்ச்சி இல்லை' என்று எழுதித் தூக்கிப் போட்டுவிடுவார்கள். மைக்கோலிக் அமிலம் நிறைந்த, மெழுகு போன்ற சுவர் இந்தக் கிருமிக்கு. உணவு அதன் வழியே மெதுவாகத்தான் உள்ளே போகும். மைக்ராஸ்கோப்பில் பார்க்க ஏற்றும் சாதாரணச் சாயமும் சரியாக ஏறாது.

அதனால் டிபி கல்ச்சர் என்று தனியாகக் கேட்டு எழுத வேண்டும். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர், தொடர்ந்து 3 நாள். ஏனென்றால் கிருமி தினமும் வெளியேறுவதில்லை. 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துக் கொடுப்பது வீண். மற்ற கிருமிகள் பெருகிக் கெடுத்துவிடும். முட்டை கலந்த லோவென்ஸ்டைன்-ஜென்சன் ஊடகத்தில் 6 முதல் 8 வாரம் வரை காத்திருப்பார்கள். கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனை சுமார் 2 மணி நேரத்தில் சொல்லிவிடும். ஆனால் அதில் நெகட்டிவ் வந்தால் நோய் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. காசநோய்க் கிருமிக்கான தனிச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் ஸ்மியர் சோதனை பாசிட்டிவ் என்பது மட்டும் போதாது. காசநோய்க் கிருமியின் உறவான, பிறப்புறுப்பில் வாழும் சில அப்பாவி மைக்கோபாக்டீரியாக்களும் அதே சாயத்தைப் பிடித்துக்கொள்ளும்.

லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகளைக் கோர்ஸ் கோர்ஸாக எழுதித் தள்ளுவதுதான் எனக்குக் கோபம் வரவைக்கும் பழக்கம். அவை காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். தொந்தரவு தற்காலிகமாகக் குறையும், கண்டுபிடிப்பது தள்ளிப்போகும்.

மருந்துக்கு எளிதில் வசப்படும் கிருமியென்றால் 4 மருந்து 2 மாதம், பிறகு ரிஃபாம்பிசினும் ஐசோநியாசிடும் 4 மாதம் என்பது வழக்கமான முறை. ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், ரத்தம் என்று பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது வேறு: புண் ஆறும்போது தழும்பு சுருங்கி, சிறுநீர்க்குழாயை அடைத்துவிடலாம். கிருமி செத்துக்கொண்டிருக்கும்போதே சிறுநீரகம் சத்தமில்லாமல் வீங்கிச் செயலிழக்கும். அதனால் சிகிச்சை தொடங்கிய சில வாரங்களிலேயே ஸ்கேன் எடுத்துப் பார்த்து, வீக்கம் தெரிந்தால் அடைப்பைத் திறந்துவைக்கும் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைக்க வேண்டும்.