மைக்ராஸ்கோப்பில் ஒரு சொட்டு

எங்கள் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளை முதலில் ஆய்வகத்துக்குத்தான் அழைத்துப் போவேன். காற்றடிக்கும் ஏரேஷன் தொட்டியிலிருந்து எடுத்த பழுப்பு நீரில் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டுவேன். காம்பில் நிற்கும் மணி போன்ற வார்டிசெல்லா என்ற நுண்ணுயிர், வாயோரத்து மயிரிழைகளைச் சுழற்றி நீரை இழுத்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் ரோட்டிஃபர் என்ற இன்னொரு நுண்ணிய உயிர் நெளியும். அதுவரை மூக்கைப் பொத்தியிருந்த கைகள் தாமாக இறங்கிவிடும்.

வீடுகளிலிருந்து வரும் கழிவுநீரில் ஏறத்தாழ 99.9 சதவீதம் தண்ணீர்தான். மிச்சமுள்ள துளிப் பங்குதான் ஆற்றைக் கொல்கிறது. அது ஆற்றில் விழுந்ததும் அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைத் தின்று பெருகும். தின்னும்போது நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும். ஒரு லிட்டர் ஆற்றுநீரில் ஆக்சிஜன் 8 அல்லது 9 மில்லிகிராம் இருந்தாலே நல்ல நிலை. ஒரு லிட்டர் கழிவுநீரோ ஐந்து நாளில் 200 முதல் 300 மில்லிகிராம் வரை கேட்கும். அதாவது, ஏறக்குறைய முப்பது லிட்டர் ஆற்றுநீரின் மூச்சை அது ஒன்றே குடித்துவிடும். ஆற்றின் ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பல மீன்கள் திணறத் தொடங்கும்.

எங்கள் வேலை இவ்வளவுதான்: ஆற்றில் நடக்கவிருக்கும் அந்தத் தீனியை முன்கூட்டியே தொட்டிக்குள் முடித்துவைப்பது. கம்பிச் சல்லடை குப்பையைப் பிடிக்கும், மணல் தொட்டி மணலைப் பிடிக்கும், முதல் படிவுத் தொட்டியில் கனமான அழுக்கு இறங்கும். அதன்பின் கரைந்திருக்கும் அழுக்கை நுண்ணுயிர்களிடம் விட்டுவிடுகிறோம். அவை மூச்சுவிட இரவும் பகலும் காற்றடிக்கிறோம். நிலையத்தின் மின்சாரத்தில் பாதியளவு இதற்கே போய்விடும். தின்று முடித்த உயிர்கள் திரள்திரளாகச் சேர்ந்து கடைசித் தொட்டியில் படியும். அந்தச் சேற்றை எறிந்துவிடாமல் காற்றடிக்கும் தொட்டிக்கே திருப்பி அனுப்பினால் வேலை பல மடங்கு வேகமாக நடக்கும் என்று 1914-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். இன்றும் நாங்கள் செய்வது அதைத்தான்.

ஒரு திங்கட்கிழமை காலை நிலையத்துக்குள் நுழையும்போதே பெயின்ட் கரைக்கும் தின்னரின் நெடி. யாரோ இரவில் மேன்ஹோலைத் திறந்து எதையோ கொட்டியிருக்கிறார்கள். சேற்றை ஒரு லிட்டர் ஜாடியில் அரை மணி நேரம் வைத்துப் பார்ப்பது எங்கள் அன்றாடப் பழக்கம். கோடு கிழித்தாற்போல் கீழே சேறும் மேலே தெளிநீரும் பிரிய வேண்டும். அன்று மேலே பால் கலந்ததுபோல் கலங்கியே நின்றது. மைக்ராஸ்கோப்பில் வார்டிசெல்லாக்கள் சுருங்கி அசைவற்றுக் கிடந்தன. அதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. அடுத்த இரண்டு நாளில் வெளியேறும் நீரில் அம்மோனியா ஏறியது. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் மெதுவாகப் பெருகுபவை. மற்றவை சில மணி நேரத்தில் இரட்டிப்பாகும் என்றால் இவற்றுக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ பிடிக்கும். வேறொரு நிலையத்திலிருந்து உயிருள்ள சேற்றை லாரியில் கொண்டுவந்து ஊற்றியும் நிலைமை சீராக மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் மீனுக்கு நஞ்சாகும் அம்மோனியா ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. கொட்டியவர் யாரென்று கடைசிவரை தெரியவில்லை.

பெயின்ட், தின்னர், பூச்சிமருந்து எதையும் சாக்கடையில் ஊற்றாதீர்கள் என்று நான் கெஞ்சுவது அதனால்தான். பழைய மாத்திரைகளும் கழிப்பறைக்குள் போகக் கூடாது. வலி மாத்திரையான டைக்ளோஃபெனாக் போன்ற மருந்துகளை எங்கள் நுண்ணுயிர்களால் முழுதாகத் தின்ன முடியாது. ஈரத் துடைப்புத் தாளும் சமையல் எண்ணெயும் சேர்ந்தால் குழாயில் பாறையாகும். 2017-இல் லண்டன் வைட்சேப்பலில் சாக்கடையிலிருந்து எடுத்த அப்படிப்பட்ட கட்டி ஏறத்தாழ 130 டன்.

பலர் யோசிக்காத ஒன்று மழைநீர். தனி வடிகால் உள்ள இடங்களில்கூட மொட்டைமாடிக் குழாயைக் கழிவுநீர்க் குழாயில் சேர்த்துவிடுகிறார்கள். பெருமழை இரவில் கடைசித் தொட்டியின் விளிம்பில் டார்ச் அடித்தபடி நின்றிருக்கிறேன். வரத்து கூடக் கூட, படிந்திருந்த சேறு மேகம்போல் எழும்பி விளிம்பைத் தாண்டும். வாரக்கணக்கில் வளர்த்த உயிர்கள் சுத்தம் செய்யாத நீரோடு சேர்ந்து ஆற்றுக்குள் போகும். அடுத்த மழைக்கு முன்னால், உங்கள் மாடித் தண்ணீர் எந்தக் குழாயில் இறங்குகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.