விலையைப் பார்க்கும் முன் ஃபைலைப் பாருங்கள்

சிறிய அலுவலகங்களுக்கும் அச்சகங்களுக்கும் கணினிப் பராமரிப்பு செய்கிறேன். இலவச மென்பொருள் என்று பேச்சு வந்தால், "சும்மா கிடைக்குதே, அதையே போட்டுருங்க" என்பவர்களும் உண்டு, "இலவசம்னா நம்பலாமா?" என்று தயங்குபவர்களும் உண்டு. இருவரிடமும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இன்று உருவாக்கும் ஃபைலைப் பத்து வருடம் கழித்து எதில் திறப்பீர்கள்?

ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர், நோட்டீஸ் என்று பல வருட வேலை முழுவதும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் ஃபைல்களாக இருந்தது. அவற்றைத் திறக்க இருந்தது ஒரே ஒரு பழைய கணினி. அதன் மதர்போர்டு போய்விட்டது. ஃபைல்கள் பென்டிரைவில் பத்திரமாக இருந்தன, திறக்கத்தான் வழியில்லை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான முறையான யூனிகோட் அதற்குத் தெரியாது.

கைகொடுத்தது லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள் தொகுப்பில் இருக்கும் ட்ரா என்ற வரைகலைச் செயலி. 2015இல் வந்த 4.4 பதிப்பிலிருந்தே அது பேஜ்மேக்கர் ஃபைல்களைத் திறக்கிறது. பக்க அமைப்பு கலைந்துதான் வந்தது. பழைய எழுத்துருவில் இருந்ததை யூனிகோடுக்கு மாற்றி, வரி வரியாகப் பிழை திருத்தினோம். ஆனாலும் மேட்டர், அதாவது உள்ளே இருந்த எழுத்து, தப்பியது.

லிப்ரே ஆபீஸே எப்படி வந்தது என்று பாருங்கள். ஓபன் ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளை நடத்திவந்த சன் நிறுவனம் 2010இல் ஆரக்கிள் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. அதே வருடம் ஓபன் ஆபீஸில் உழைத்தவர்கள் பலர் பிரிந்துவந்து இதைத் தொடங்கினார்கள். மூல நிரல் (மென்பொருளை எழுதிய வரிகள்) யாரும் எடுத்து மாற்றும்படி திறந்திருந்ததால்தான் அது முடிந்தது. காசு வாங்காமல் கொடுத்தாலும் நிரலைப் பூட்டி வைத்திருக்கும் மென்பொருளுக்கு இந்த வழி கிடையாது. (இன்னும் பலர் பழைய பெயரைத் தேடி ஓபன் ஆபீஸையே இறக்குகிறார்கள். லிப்ரே ஆபீஸை எடுங்கள்; மேம்படுத்தும் வேலை மும்முரமாக நடப்பது அங்கேதான்.)

அதற்காக எல்லாவற்றையும் மாற்றிவிட முடியாது. ஒரு மொத்த வியாபாரிக்கு இலவசக் கணக்கு மென்பொருள் போட்டுக் கொடுத்தேன். அவருடைய ஆடிட்டர் காசு கொடுத்து வாங்கும் கணக்கு மென்பொருளான டேலியில்தான் பார்ப்பவர். மாதாமாதம் எல்லா விவரத்தையும் இரண்டு முறை ஏற்ற வேண்டி வந்தது. நான்காவது மாதம் நானே டேலி லைசென்ஸ் வாங்கச் சொன்னேன். அதை முதலிலேயே ஆடிட்டரிடம் கேட்டிருக்க வேண்டும். எக்செல் மேக்ரோ (எக்செல் தாளில் வேலையைத் தானாகச் செய்ய எழுதிவைத்த கட்டளைகள்) நிறைய வைத்திருப்பவர்களுக்கும் இதே நிலைதான்.

ஆனால் லைசென்ஸ் பூட்டை உடைத்த, கிராக் போட்ட மென்பொருளை மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம் என்பேன். ஆன்ட்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவச் சொல்லும் எதையும் கடைக் கணக்கு இருக்கும் கணினியில் ஏற்றாதீர்கள்.

அந்த அச்சகத்தில் இப்போது ஸ்கிரைபஸ் என்ற இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருளைப் பழகுகிறார்கள். 2024 ஜனவரியில் வந்த அதன் 1.6 பதிப்பு தமிழ் எழுத்துகளை உடைக்காமல் கோக்கிறது. எடுத்தவுடன் எல்லாவற்றையும் மாற்றவில்லை. ஒரே ஒரு கோயில் நோட்டீஸை முழுதாக அதில் செய்து, அச்சடித்துப் பார்த்தோம். அப்புறம் ஒவ்வொரு வேலை முடிந்ததும் பிடிஎஃப் ஒன்றும், மேட்டரை மட்டும் யூனிகோடில் தனியாக ஒன்றும் சேமித்து வைக்கிறார்கள்.