பெட்ரோல் வாசம் வந்தால் வண்டியை நிறுத்துங்கள்

போன மாதம் எரிந்துபோன ஒரு மோட்டார் சைக்கிளின் எலும்புக்கூட்டை இழுவை லாரியில் கொண்டுவந்து என் பட்டறை வாசலில் இறக்கினார்கள். சீட் இல்லை, வயர் இல்லை. மீட்டர் உருகி ஹேண்டிலின் மேல் வழிந்து அப்படியே உறைந்திருந்தது. டேங்க் மட்டும் உருவம் மாறாமல், பெயிண்ட் முழுக்க உரிந்து சாம்பல் நிறத்தில் நின்றது. வண்டிக்காரத் தம்பி இரண்டு கையிலும் கட்டோடு பக்கத்தில் நின்றான். 24 வயது, சாப்பாடு டெலிவரி செய்கிற பையன்.

"வெயில்தாண்ணே. காலையில ஃபுல் டேங்க் அடிச்சேன். மத்தியானம் சூடு தாங்காம டேங்க் வெடிச்சிருச்சு" என்றான்.

வெடித்ததாக அவன் சொன்ன டேங்க் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் முழுசாக நின்றுகொண்டிருந்தது.

இந்த வருஷம் எரிந்த நிலையில் நான் பார்த்த மூன்றாவது வண்டி இது. மூன்று பேரும் வெயிலைத்தான் குறை சொன்னார்கள். மூன்று பேரையும் உட்காரவைத்துப் பேசியபோது கடைசியில் ஒரே விஷயம்தான் வெளியே வந்தது: தீப்பிடிப்பதற்குச் சில நாள் முன்பிருந்தே பெட்ரோல் வாசம் அடித்திருக்கிறது. இந்தத் தம்பிக்கு மூன்று நாள். "பம்ப்புல ஊத்தும்போது சிந்தியிருக்கும்னு நெனச்சேண்ணே."

22 வருஷமாக மோட்டார் சைக்கிள் வேலைதான் பார்க்கிறேன். இந்த வெயில் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒவ்வொரு வருஷமும் வெக்கை கூடினால் போதும், "டேங்க்கைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், வெயிலில் வெடித்துவிடும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. என் சொந்தக்காரர்களே எனக்கு அனுப்புகிறார்கள். அதனால் அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

சிங்கப்பூரில் இதுவரை பதிவான அதிகபட்ச வெப்பம் 37 டிகிரி. 1983 ஏப்ரலில் தெங்காவில் ஒருமுறை, 2023 மே மாதம் அங் மோ கியோவில் ஒருமுறை. அன்றைக்கு நடுப்பகலில் கறுப்பு டேங்க்கை வெட்டவெளியில் நிறுத்தியிருந்தால் தகடு 60, 70 டிகிரிக்குப் போயிருக்கலாம். கை வைத்தால் சுடும், அவ்வளவுதான். நெருப்போ பொறியோ இல்லாமல் வெறும் சூட்டிலேயே பெட்ரோல் பற்றிக்கொள்ள 250 டிகிரிக்கு மேல் வேண்டும். நம் ஊர் வெயில் அதன் பக்கத்தில்கூடப் போகாது.

அடுத்தது, டேங்க்குக்குள் என்ன இருக்கிறது என்று யோசியுங்கள். பெட்ரோல் ஆவி காற்றோடு கலந்தால்தான் எரியும். அதுவும் கண்டபடி கலந்தால் எரியாது. நூறு பங்கில் ஏறக்குறைய ஒன்றரையிலிருந்து ஏழரைப் பங்கு வரை ஆவி இருக்கவேண்டும். மூடிய டேங்க்குக்குள் நம் ஊர் வெப்பத்தில் ஆவி அதைவிடப் பல மடங்கு அடர்த்தியாக நிறைந்திருக்கும். எரிவதற்குப் போதிய காற்று அங்கே கிடையாது. முழு டேங்க்கில் ஆவிக்கு இருக்கிற இடமே கொஞ்சம். ஆகப் பாதி டேங்க் பாதுகாப்பு, முழு டேங்க் ஆபத்து என்ற பேச்சுக்கு அடிப்படையே இல்லை.

அதில் ஒட்டிக்கொண்டிருக்கிற உண்மை ஒன்றுதான். கழுத்து விளிம்புவரை ஊற்றாதீர்கள். பெட்ரோல் சூட்டில் விரியும்: 15 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி சூடேறினால் கால் லிட்டருக்குச் சற்று அதிகமாகவே பெருகும். அந்தக் கால் லிட்டருக்கு இடம் விடாவிட்டால் அது மூடி வழியாகவோ வழிகுழாய் வழியாகவோ வெளியே வரும். பம்ப் துப்பாக்கி 'டக்' என்று நின்ற பிறகும் பத்துக் காசு கணக்குச் சரியாக வரட்டும் என்று அழுத்திக்கொண்டே இருக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

வண்டி எரிவது டேங்க்குக்குள்ளிருந்து தொடங்குவதில்லை. வெளியே கசிந்த பெட்ரோலும் எங்கிருந்தோ வந்த ஒரு பொறியும் சந்திக்கிற இடத்தில் தொடங்குகிறது.

அந்தத் தம்பியின் வண்டிக்கு 14 வயது. சிஓஇயை, அதாவது வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழை, புதுப்பித்து ஓட்டுகிற பழைய மாதிரி கார்புரேட்டர் வண்டி. சில மாதத்துக்கு முன் பெட்ரோல் குழாய் வெடிப்பு விட்டதென்று இணையத்தில் கண்ணாடிபோல உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய்ச் சுருள் ஒன்று வாங்கி அவனே மாட்டியிருக்கிறான். மிச்சக் குழாய் வீட்டில் இருக்கிறது என்றான், கொண்டுவரச் சொன்னேன். பார்த்ததுமே தெரிந்தது, மீன்தொட்டிக்கு மாட்டுகிற குழாய். ஒரு விரல் நீளம் வெட்டி, ஜாம் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி அதில் போட்டு மூடி வைத்தேன். பத்து நாள் கழித்து அவன் முன்னால் எடுத்துக் காட்டினேன். போடும்போது ரப்பர் பேண்ட்போல வளைந்தது, இப்போது மஞ்சளடித்து ஸ்ட்ரா மாதிரி விறைத்திருந்தது. முன்னைவிடக் கொஞ்சம் சுருங்கியும் இருந்தது. இரண்டு விரலால் மடக்கினேன், நடுவில் கீறல் விட்டது. அந்தப் பிளாஸ்டிக்கை மென்மையாக வைத்திருக்கிற பொருளைப் பெட்ரோல் கரைத்து எடுத்துவிடும். அப்புறம் அது சுருங்கும், கிளிப்பிலிருந்து நழுவும், வெடிக்கும். அவன் கிளிப்பும் போடவில்லை, கேபிள் டை போட்டுக் கட்டியிருந்தான்.

அவன் ரொம்ப நேரம் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பெட்ரோலுக்கென்றே செய்த ரப்பர் குழாயும் நிரந்தரம் இல்லை. எஞ்சின் சூட்டில் வெந்து வெந்து இறுகிவிடும். பல தயாரிப்பாளர்களின் கையேட்டில் நான்கைந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருக்கிறது. நம் ஊரில் 10 வருஷம் முடிந்து சிஓஇ புதுப்பித்த வண்டிகள் ஏராளம். சங்கிலி மாற்றுவார்கள், டயர் மாற்றுவார்கள், புது எக்ஸாஸ்ட் போடுவார்கள். குழாய் மட்டும் வண்டியோடு பிறந்ததாகவே இருக்கும். "இன்ஸ்பெக்‌ஷன் பாஸ் ஆச்சே" என்பார்கள். மூன்று வருஷம் தாண்டிய வண்டிக்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிற சோதனை அது. அன்றைக்கு வண்டி எப்படி இருக்கிறது என்று அது சொல்லும், அடுத்த 12 மாதத்துக்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை.

ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிக்காரர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். அதில் பம்ப் சுமார் மூன்று பார் அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளுகிறது. ஊசிமுனை அளவு கீறல் இருந்தாலும் சொட்டாது, பீய்ச்சும்.

பொறி எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பாலும் நாமே மாட்டிய வயரிலிருந்துதான். போன் சார்ஜர், கூடுதல் விளக்கு, அலாரம் எல்லாவற்றையும் நேரே பாட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் இழுத்திருப்பார்கள். ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று அதன் இடத்தில் சிகரெட் பெட்டியின் அலுமினியத் தாளைச் சுருட்டி வைத்திருந்த வண்டியை என் கையாலேயே பிரித்திருக்கிறேன். ஃபியூஸ் போகிறது என்றால் எங்கோ தவறு இருக்கிறது என்று அது உங்களுக்குச் சொல்கிறது. அதன் வாயைக் கட்டாதீர்கள். சைலன்சரை ஒட்டித் திணித்து வைக்கிற மழைக்கோட்டு, வண்டி ஆறுவதற்குள் மேலே போர்த்துகிற உறை, இவையும் பற்றிக்கொள்ளும். புளோக் கார் நிறுத்துமிடத்தில் வண்டிகள் தோளோடு தோள் நிற்கின்றன. ஒன்று பற்றினால் பக்கத்து வீட்டுக்காரர் வண்டியும் சேர்ந்து போகும்.

சரி, வாசத்துக்கு வருகிறேன். பம்ப்பில் சிந்திய பெட்ரோல் நம் ஊர் வெக்கையில் சில நிமிஷத்தில் காய்ந்துவிடும். பத்து நிமிஷம் ஓட்டிய பிறகும் வாசம் இருந்தால் அது சிந்தியது இல்லை, கசிகிறது. ஓட்டும்போது தெரியாமல் சிக்னலில் நிற்கும்போது மட்டும் அடித்தால் அதுவும் கசிவுதான், ஓடும்போது காற்று கொண்டுபோய்விடுகிறது. அந்த வண்டியை அன்றைக்கு ஓட்டாதீர்கள். என் பட்டறைவரை ஓட்டிக்கொண்டு வரவும் வேண்டாம். தள்ளி ஓரமாக நிறுத்திவிட்டுப் போன் போடுங்கள், லாரியில் ஏற்றிக்கொள்ளலாம்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே பற்றிக்கொண்டால் முதலில் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. நெருப்பைக் காற்று பின்னால் இழுத்துக்கொண்டு போகும். தொடையின் உட்பக்கம் வழக்கத்தைவிடச் சுடும். பக்கத்து லேனில் வருகிறவர் ஹார்ன் அடித்துக் கை காட்டுவார். சண்டைக்கு வருகிறார் என்று நினைக்காதீர்கள், கீழே பாருங்கள். வேகமாகப் போனால் காற்றில் அணைந்துவிடும் என்று முறுக்குகிறார்கள், இந்தத் தம்பியும் அதைத்தான் செய்தான். அடுப்பை ஊதினால் என்ன ஆகும் என்று வீட்டில் பாட்டியைக் கேளுங்கள். அது மெழுகுவர்த்தி இல்லை, பெட்ரோல்.

ஆக்ஸிலேட்டரை விடுங்கள், இடப்பக்க சிக்னல் போட்டுச் சாலையோரத்துக்கு வாருங்கள். வேகம் குறைந்ததும் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு வலது கைப்பக்கம் உள்ள சிவப்புக் கில் சுவிட்ச்சை அடியுங்கள். எஞ்சினை நிறுத்த மட்டும்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பெரும்பாலானவற்றில் பெட்ரோல் பம்ப்பும் அதோடு நிற்கும், தீக்குத் தீனி நிற்கும். மேம்பாலத்துக்கு அடியில் மழைக்கு ஒதுங்கி நிற்கிற கூட்டத்தின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். நின்ற நொடியில் நெருப்பு மேலே எழும்பும், அதற்குத் தயாராக இருங்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவர் முதலில் இறங்கட்டும். சைட் ஸ்டாண்டு ஒரு உதையில் வந்தால் போடுங்கள், வராவிட்டால் வண்டியை விட்டுவிட்டு ஓடுங்கள். ஹெல்மெட்டையும் கையுறையையும் தூரம் போகும்வரை கழற்றாதீர்கள், அந்த நேரத்தில் உங்கள் முகத்துக்கும் கைக்கும் இருக்கிற ஒரே கவசம் அவைதான்.

முப்பது நாற்பது தப்படி தள்ளி, காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து நெருப்பை நோக்கி அடிக்கிற பக்கமாக, தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள். தீயணைப்புக்கான 995ஐ அழையுங்கள். "பிகேஇ எக்ஸ்பிரஸ்வேயில எரியுது" என்று மட்டும் சொன்னால் போதாது. உட்லண்ட்ஸ் போகும் பக்கமா, இந்தப் பக்கமா, எந்த எக்ஸிட்டைத் தாண்டினீர்கள், பக்கத்து விளக்குக் கம்பத்தில் என்ன எண் என்று சொல்லுங்கள். அந்த எண் இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. கேபிஇ, எம்சிஇ போன்ற சுரங்கச்சாலை என்றால் புகைதான் முதல் எமன். வண்டியை விட்டுவிட்டு அருகிலிருக்கிற அவசர வெளியேறும் கதவுக்குப் போங்கள். மற்றதை வெளியே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

தண்ணீர் ஊற்றாதீர்கள், எரிகிற பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதந்து சாலையெங்கும் பரவும். டேங்க் மூடியைத் திறக்காதீர்கள். சீட்டைத் தூக்கிப் பார்க்காதீர்கள். தீயணைப்பான் வைத்திருந்தால், தீ இன்னும் கையகலமாக இருந்தால் மட்டும், அடிப்பாகத்தைக் குறிவைத்து அடியுங்கள். ஒரு கிலோ உலர்தூள் தீயணைப்பான் பத்து நொடிகூட வராது. அதற்குள் அணையவில்லை என்றால் பின்வாங்கிவிடுங்கள்.

இந்தத் தம்பியின் கை வெந்தது வண்டி ஓட்டும்போது இல்லை. இறங்கி, தப்பித்து, பத்திருபது தப்படி தள்ளிப் போய் நின்றுவிட்டான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிருக்கும். அப்புறம் டெலிவரிப் பையும் ஹேண்டிலில் மாட்டிய போனும் நினைவுக்கு வர, திரும்ப ஓடியிருக்கிறான். போன் ஸ்டாண்டின் பூட்டைத் திறக்க எடுத்துக்கொண்ட நாலைந்து விநாடியில் இரண்டு கையும் வெந்துவிட்டது. ஏன்டா ஓடினே என்று கேட்டேன். "வண்டி போனா பொழப்பு போச்சேண்ணே. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ்தான் இருக்கு, என் வண்டிக்குக் காசு வராது. அதான் பையாவது, போனாவது..."

எனக்கு அவன் பயம் புரிகிறது. 2022இல் மோட்டார் சைக்கிள் சிஓஇ 10,000 வெள்ளியைத் தாண்டிய நாளிலிருந்து வண்டியை யாரும் இரும்பாகப் பார்ப்பதில்லை. ஆனால் தம்பிகளா, ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். சிஓஇ எரியாது. எரிந்த வண்டியின் பதிவை ரத்துசெய்யும்போது, மீதி இருக்கிற காலத்துக்கு உரிய தொகையைக் கணக்கிட்டுத் திருப்பித் தருகிறார்கள். உங்கள் வண்டியில் விலை உயர்ந்த பாகம் அதுதான், அதற்காக நெருப்புக்குள் கை விட வேண்டியதில்லை. இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது தீயும் திருட்டும் சேர்ந்த பாலிசிக்கு எவ்வளவு கூடுதல் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

உடையில் பற்றிக்கொண்டால் ஓடக் கூடாது. நின்று, கீழே படுத்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு உருளவேண்டும். பாலியெஸ்டர் ஜெர்சி உருகித் தோலில் ஒட்டும், ஒட்டியதைப் பிய்க்காதீர்கள். வெந்த இடத்தில் ஓடுகிற குழாய்த் தண்ணீர், 20 நிமிஷம். சாலையோரத்தில் பாட்டில் தண்ணீர்தான் இருக்கிறதென்றால் அதையாவது தொடர்ந்து ஊற்றுங்கள். வீங்குவதற்குள் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிடுங்கள். பற்பசை, சோயா சாஸ், ஐஸ் எதுவும் வேண்டாம். சைலன்சரில் சுட்டுக்கொண்ட பையன்கள் பட்டறையில் இன்னமும் பற்பசையைத் தேடுகிறார்கள், பார்த்தாலே எனக்கு ஆத்திரம் வருகிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் ஆறியிருக்கும்போது, வெளிச்சமான இடத்தில் வண்டியை நிறுத்தி, டேங்க்கின் அடியிலிருந்து போகிற குழாயைத் தேடிப் பிடித்து விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கி எழும்பினால் நல்லது. விறைப்பாக இருந்தாலோ, வளைவில் முடிபோலக் கீறல் தெரிந்தாலோ, கிளிப்பைச் சுற்றி ஈரமும் தூசியும் அப்பியிருந்தாலோ மாற்றவேண்டும். டேங்க்கின் அடியில் பெட்ரோலை நிறுத்துகிற திருகு (டேப்) வைத்த கார்புரேட்டர் வண்டி என்றால் அதை மூடிப் பழகிக்கொள்ளுங்கள், கை இருட்டிலும் அதைக் கண்டுபிடிக்கவேண்டும். கார்புரேட்டர் வண்டிக்கு நல்ல குழாயும் இரண்டு கிளிப்பும் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசில் முடிந்துவிடும். இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு அதற்கென்று உள்ள அழுத்தக் குழாய்தான் போடவேண்டும், அதை நீங்களே செய்யாதீர்கள். எந்தப் பட்டறைக்குப் போனாலும் சரி, குழாய் எந்த வருஷம் மாற்றியது என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த ஜாம் பாட்டில் இன்னும் என் மேசையில் இருக்கிறது. குழாய்த் துண்டைத் தொட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் வாருங்கள், காட்டுகிறேன்.